மார்பரி வழக்கு பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றும் சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்று அமெரிக்க அரசியலமைப்பில் எங்கேயும் நேரடியாக எழுதப்படவில்லை. ஆனால் 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அதைத்தான் செய்தார். நீதிபதியாக நியமிக்கப்பட்டும் நியமன ஆணை கைக்கு வராத மார்பரிக்கு அதைப் பெறும் உரிமை உண்டு என்று சொல்லிவிட்டு, அதைக் கொடுக்கும்படி உத்தரவிட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்த 1789ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு செல்லாது என்றார். சின்ன அதிகாரத்தை விட்டுக்கொடுத்துப் பெரிய அதிகாரத்தை நிலைநாட்டிய தீர்ப்பு. படிக்கப் படிக்க வியப்பாக இருக்கிறது.

சரி, 1787இல் பிலடெல்பியாவில் கூடி அரசியலமைப்பை வரைந்தவர்கள் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்களா? அவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788இல் இந்த அதிகாரத்தை ஆதரித்து எழுதியதைப் படித்துவிட்டேன். அதற்கு முந்தைய மாநில வழக்குகள், முக்கியமாக வட கரோலினாவின் பேயர்ட் எதிர் சிங்கிள்டன் பற்றித் தமிழில் விளக்கம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். சட்டம் படித்தவர்கள் இங்கேயே விளக்கினாலும் மகிழ்ச்சி.