'ட்ரை வெயிட்': தமிழில் என்ன எழுதலாம்?

டயாலிசிஸ் டெக்னீஷியன், திருநெல்வேலி:
அனைவருக்கும் வணக்கம். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்து, தேங்கிய தண்ணீரையும் எடுப்பது டயாலிசிஸ். எங்கள் பிரிவில் அந்த நோயாளிகளுக்காக நான்கு பக்கத்தில் ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 'ட்ரை வெயிட்' என்ற ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். உடம்பில் தேங்கிய உபரித் தண்ணீரை எல்லாம் எடுத்த பிறகு, தலைசுற்றலோ தசைப்பிடிப்போ இல்லாமல் ஒருவர் தாங்கக்கூடிய மிகக் குறைந்த எடை அது. சில இடங்களில் 'உலர் எடை' என்று எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்துக் காட்டியதும் ஒரு பெரியவர், "என்னைக் கருவாடாக்கப் போறீங்களா தம்பி?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
தம்பி, 'உலர் எடை' இலக்கணத்துக்கும் பொருந்தாது. உலர்வது உடம்பு, எடை அல்ல. பெயரெச்சம் கொள்ளும் பெயர்கள் ஆறு என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். எடை இதில் எது? 'புலர்வெடை' என்று வைக்கலாம். ஈரம் போவதையும் புலர்தல் என்போம், விடிவதையும் புலர்தல் என்போம். புறநானூற்றில் 'புலர் சாந்து', அதாவது பூசிக் காய்ந்த சந்தனம், வருகிறது. நோயாளிக்கு விடியலைச் சொல்லும் சொல்லாகவும் இருக்கும்.

தாதி, யாழ்ப்பாணம்:
ஐயா, புலர்வெடை அழகுதான். வாட்டில் அதை ஒருவருக்கும் விளங்காது. நாங்கள் 'குருதி அமுக்கம்' என்று எழுதுகிறோம், நீங்கள் 'ரத்த அழுத்தம்' என்கிறீர்கள். நோயாளி இரண்டு கரையிலும் 'பிரஷர்' என்றுதான் சொல்கிறார். 'இலக்கு எடை' என்று போட்டால் என்ன?

டெக்னீஷியன்:
அக்கா, அதில் ஒரு ஆபத்து உண்டு. 'டார்கெட் வெயிட்' என்று சொன்னதைக் கேட்டு ஓர் அம்மா இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டார். தராசில் கணக்கு சரியாக வந்தது. ஆனால் குறைந்தது சதை, தண்ணீர் அப்படியே உள்ளே இருந்தது. பிபி ஏறியது, படுத்தால் மூச்சுத் திணறியது. டாக்டர் பார்த்து அந்த எடையை ஒன்றரை கிலோ இறக்கி வைத்தார். நாலைந்து முறை டயாலிசிஸ் ஆன பிறகு, "கால் வீக்கம் வடிஞ்சிட்டு தம்பி" என்றார்.

நேர்மாறாகவும் நடக்கும். நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறியவருக்குப் பழைய எடையையே வைத்துத் தண்ணீரை இழுத்தால் பிபி விழும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
தம்பி, சொல்லை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 'நீர் வடிந்த எடை'. வெள்ளம் வடிகிறது, வீக்கம் வடிகிறது. யாருக்கும் விளக்க வேண்டாம்.

தமிழாசிரியர்:
வடிதல் தானாக நடப்பது. இங்கே இயந்திரம் அல்லவா எடுக்கிறது? கஞ்சி வடித்த சோறு போல 'நீர் வடித்த எடை' என்பதே சரி. நன்னூல் தடையும் அப்படியே நிற்கிறது.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, 'உண்ட மயக்கம்' என்கிறோமே? மயக்கம் அந்த ஆறில் எது? வழக்கு ஏற்கெனவே வழிவிட்டிருக்கிறது.

டெக்னீஷியன்:
உண்ட மயக்கம் எங்கள் பிரிவில் அன்றாடம் பார்ப்பது. போன வாரம் ஒருவர், ட்ரை வெயிட் 58 கிலோ, 61.2 கிலோவில் வந்தார். 4 மணி நேரத்தில் 3.2 லிட்டர் எடுக்க வேண்டும். மணிக்கு 800 மி.லி., அதாவது உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 13.8 மி.லி. 13-ஐத் தாண்டினால் இதயத்துக்கு ஆகாது. 5 மணி நேரம் இருங்கள் என்றேன், பஸ் போய்விடும் என்றார். இரண்டாம் மணியில் இட்லி சாப்பிட்டார். ரத்தம் வயிற்றுப் பக்கம் திரும்பியது. கொட்டாவி விட்டார், அடுத்து இன்னொன்று. கொட்டாவியைக் கண்டதும் பிபி பார்க்கும் கஃபைக் கட்டினேன்: மேல் அளவு 84. தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தி, 100 மி.லி. சலைன் ஏற்றினோம். கண் திறந்தார்.

இதைக் கையேட்டில் எப்படி விளக்குவது? இயந்திரம் ரத்தத்திலிருந்துதான் தண்ணீரை எடுக்கிறது. திசுக்களில் தேங்கியது மெல்ல மெல்லத்தான் ரத்தக்குழாய்க்குள் வரும்.

தமிழாசிரியர்:
அது ஊறுதல், தம்பி! கிணற்றில் ஊறுவதைவிட வேகமாக இறைத்தால் தரை தட்டும். 'ஊறல் வேகம்', 'இறைப்பு வேகம்' என்று வையுங்கள். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற குறளில் உள்ள அதே ஊறல்.

தாதி, யாழ்ப்பாணம்:
இது அருமை ஐயா. கிணறு இறைத்த சனத்துக்கு உடனே விளங்கும். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், இறைக்க வேண்டிய தண்ணீரும் குறையும் என்று அதோடு சேர்த்து எழுதலாம். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம்.

டெக்னீஷியன்:
ஊறல், இறைப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டேன். மற்றதற்கு 'நீர் வடிந்த எடை' என்று போட்டு, முதல் பக்கத்தில் மட்டும் பக்கத்திலேயே 'ட்ரை வெயிட்' என்றும் எழுதுகிறேன். 'மாதாமாதம் மாறலாம், டாக்டரிடம் கேளுங்கள்' என்ற வரியும் உண்டு. கோப்பு இன்றிரவு போகிறது.

தமிழாசிரியர்:
போகட்டும் தம்பி. கையேடு நாலு பேருக்கு உதவினால் போதும். ஆனால் 'வடித்த' என்பதே சரி. மறுபதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.