கருவாட்டுக் கடைக்கு எஸ்.இ.ஓ. கம்பெனி வைக்கலாமா?

பாம்பன் கருவாட்டுக்காரி:
நெத்திலி, வாளை, சீலாக் கருவாடு விற்கிறேன். தம்பி போட்டுக் கொடுத்த இணையதளத்தில் ஆர்டரே வருவதில்லை. கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலைக்கு ஒரு கம்பெனி மாதம் 15,000 ரூபாய் கேட்கிறது. மூன்றே வாரத்தில் கூகுளில் முதலிடம் உறுதியாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் கையிருப்பை விற்றுத்தான் வீடு நடக்கும். பணத்தைக் கொடுக்கவே பயமாக இருக்கிறது.

மண்டபத்துக்காரன்:
கொடுக்காதீங்க அக்கா. முதலிடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது, கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நல்ல ஆள் செய்தாலும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். தடைக்காலத்துக்குள் நடக்காது.

கீழக்கரை:
நான் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தேன். விலகியபோது பாஸ்வேர்டைக்கூடத் தரவில்லை. புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. டொமைனும் (இணையதள முகவரி) சர்ச் கன்சோலும் (தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் கருவி) உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். முதலில் கூகுள் மேப்பில் கடையைச் சேருங்கள், இலவசம்தான். அப்புறம் ஒவ்வொரு கருவாட்டுக்கும் படம், விலை, உப்பு அளவு, எத்தனை நாள் தாங்கும் என்று தனிப் பக்கம் எழுதுங்கள். அது உங்களுக்குத் தெரிந்த அளவு எந்தக் கம்பெனிக்கும் தெரியாது.

பாம்பன் கருவாட்டுக்காரி:
சரி, இன்று மேப்பில் போடுகிறேன். நெத்திலிப் பக்கத்தை நானே எழுதுகிறேன்.