தவறான நேர மண்டல அமைப்பு: மென்பொருள் மௌனமாக ஏற்றுக்கொண்டபோது நேர்ந்தவை

பின்தள நிரலாளர்:
சந்திப்பு முன்பதிவு மென்பொருள் ஒன்றை நான் பராமரித்து வந்த காலத்தில், ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பயனர்களுக்கு மட்டும் நினைவூட்டல் மின்னஞ்சல்கள் ஐந்தரை மணி நேரம் தாமதமாகச் சென்றுகொண்டிருந்தன. லாக் கோப்புகளில் பிழை என்று ஒரு வரிகூட இல்லை. அந்நிறுவனம் அனுப்பியிருந்த அமைப்புக் கோப்பில் 'ஏசியா/கொல்கத்தா' என்னும் மண்டலப் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது பிறகுதான் தெரியவந்தது. ஜாவாவின் பழைய 'டைம்ஸோன்' வகுப்பு, தனக்குத் தெரியாத பெயரைக் கொடுத்தால் பிழை எழுப்பாமல், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய ஜிஎம்டியை (கிரீன்விச் நேரத்தை) திருப்பித் தந்துவிடும். அதனால் காலை 9 மணி என்று பதிந்திருந்தது ஜிஎம்டி 9 மணியாகக் கொள்ளப்பட்டு, பயனருக்குப் பிற்பகல் 2.30 மணிக்குப் போய்ச் சேர்ந்தது.

2014இல் ஜாவா 8 உடன் வந்த 'ஸோன்ஐடி' அவ்வாறு செய்வதில்லை. தெரியாத பெயரை ஏற்க மறுத்து விதிவிலக்கை (பிழை அறிவிப்பை) எழுப்புகிறது. அதற்கு மாறியபின், புதிய பெயர்களைச் சேமிக்கும் இடத்திலேயே சோதிப்பது எளிதாயிற்று. ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருந்தவற்றை என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. எல்லாவற்றையும் யுடிசி (ஜிஎம்டிக்கு இணையான உலகப் பொது நேரம்) என மாற்றிவிடலாம் என்று குழுவில் சிலர் கூறினர்; நான் அதற்கு உடன்படவில்லை. அப்படி மாற்றிவிட்டால், யுடிசியைத் தாமாகவே தேர்ந்தெடுத்தவர் யார், பிழையினால் அதில் விழுந்தவர் யார் என்று பின்னர் பிரித்தறியவே இயலாது. ஆகவே மூல மதிப்பை அப்படியே விட்டுவைத்து, சரிபார்க்க வேண்டியவை எனக் குறியிட்டு, உரிய பயனர்களிடமே கேட்டுத் திருத்தினோம்.

சேவையகப் பராமரிப்பாளர்:
மேலே சொல்லப்பட்டதற்கு நேர்மாறானது என் அனுபவம்: பெயர் சரியாகவே இருந்தது, அதற்குரிய தரவுதான் இல்லை. அளவைக் குறைக்கும் நோக்கில் உருவாக்கப்பட்ட கன்டெய்னர் படிமங்கள் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதிகள்) பலவற்றில், நேர மண்டல விதிகளைக் கொண்ட 'டிஸெட்டேட்டா' தொகுப்பு சேர்க்கப்படுவதில்லை. அத்தகைய லினக்ஸ் சூழலில் மண்டலத்தைக் குறிக்கும் 'டிஸெட்' சூழல் மாறியில் சரியான பெயரைக் கொடுத்தாலும், சி மொழியின் நிரல் நூலகம் எந்த எச்சரிக்கையுமின்றி யுடிசி நேரத்தையே காட்டும். நேரத்தைக் காட்டும் 'டேட்' கட்டளையின் வெளியீட்டில் மண்டலக் குறுக்கம் வரவேண்டிய இடத்தில் 'ஏசியா' என்ற சொல் மட்டும் நின்றதே எங்களுக்குக் கிடைத்த ஒரே தடயம். பைத்தான் 3.9இல் வந்த 'ஸோன்இன்ஃபோ' இந்நிலையில் தெளிவாகப் பிழை எழுப்புவதால், சேவை தொடங்கும்போதே அதைக்கொண்டு ஒரு சோதனை நடத்துகிறோம்; மண்டலம் கிடைக்காவிட்டால் சேவை தொடங்காது.

தரவு பழையதாக இருந்தாலும் இதே தொல்லைதான். 2022இல், நேர மண்டலப் பெயர்களுக்கும் விதிகளுக்கும் மூலமான ஐயானா தரவுத்தளத்தில் 'யூரோப்/கீவ்' என்ற புதிய எழுத்துக்கூட்டல் முதன்மைப் பெயராயிற்று. பழைய பெயரும் இணைப்பாகத் தொடர்வதால் முந்தைய பதிவுகளுக்குப் பாதிப்பில்லை. ஆனால் புதுப்பிக்கப்பட்ட கருவியொன்று புதிய பெயரை அனுப்பினால், புதுப்பிக்கப்படாத சேவையகம் அதைச் செல்லாதது என்று தள்ளிவிடும். ஆகவே மண்டலப் பெயர்களின் பட்டியலை நிரலுக்குள் எழுதி வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

தரச் சோதனையாளர்:
சோதனையில் தேறிவிட்டுத் தவறான நேரத்தைத் தரும் பெயர்களும் உண்டு. 'ஈடிசி/ஜிஎம்டி+5' என்பது ஜிஎம்டிக்கு ஐந்து மணி நேரம் பின்தங்கிய மண்டலம். கூட்டல் குறியைக் கண்டு முந்தியது என்று எண்ணித் தேர்ந்தெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'ஐஎஸ்டி' என்னும் குறுக்கமோ இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து ஆகிய மூன்றிற்கும் பொருந்துகிறது. பெயர்ச் சோதனை இவற்றைப் பிடிக்காது என்பதால், மண்டலத்தைத் தேர்ந்தவுடன் அங்கு இப்போது மணி என்ன என்பதை அமைப்புத் திரையிலேயே காட்டி, பயனர் உறுதிசெய்த பின்னரே சேமிக்கும்படி செய்யச் சொன்னேன்.