லிப்டுக்குள் அந்த மணப் பெட்டி வேணுமா?

ஆறாம்மாடி:
வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி லிப்டுக்குள் போன மாதம் ஒரு மணப் பெட்டி பூட்டினார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் 'புஸ்' என்று தேசிக்காய் வாசம் அடிக்கும். மகனுக்குத் தொய்வு. நேற்று லிப்டுக்குள்ளேயே இருமத் தொடங்கி, கீழே வந்து பம்ப் அடித்த பிறகுதான் மூச்சு சீரானது. இப்போது ஆறு மாடியும் படிதான். கழற்றுங்கள் என்று குழுவில் கேட்டால் "வாசம் பிடிக்காத ஆளும் இருக்கா?" என்று சிரிக்கிறார்கள்.

கருவாட்டுக்குழம்பு:
கோபிக்காதீங்கோ அக்கா. அதே லிப்டில்தான் மீன் பை ஏறுகிறது, குப்பைப் பை இறங்குகிறது. மழை நாளில் பூஞ்சண நாற்றம் வேறு. பெட்டி வந்த பிறகுதான் வெட்கமில்லாமல் விருந்தாளியைக் கூட்டிவருகிறேன். வீட்டில் கொளுத்தும் நுளம்புத்திரியைப் பாருங்கோ: ஒரு திரி எரிந்து முடியும்போது வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வந்த ஆய்வு சொன்னது. லிப்டில் நிற்பதோ அரை நிமிடம்!

ஆறாம்மாடி:
நுளம்புத்திரியை நான் அணைக்கலாம். லிப்டுப் பெட்டியை எப்படி அணைக்கிறது?

குடுவை:
இரசாயனம் படிப்பிக்கிறவன் நான். தோடம்பழத் தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அதில் நிறைய இருப்பது லிமோனீன். தேசிக்காய் வாச ஸ்பிரேக்களிலும் அதைச் சேர்ப்பார்கள். காற்றில் இருக்கும் ஓசோனுடன் சேர்ந்தால் அதிலிருந்து போர்மல்டிஹைட் உண்டாகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், வைத்த பொருள் அது. அரை நிமிடத்துக்கு அதைச் சொல்லி யாரையும் வெருட்ட மாட்டேன். ஆனால் தொய்வுக்காரருக்குக் கணக்கு வேறு, நெடி பட்டவுடனேயே மூச்சுக்குழாய் இறுகலாம். அமெரிக்காவில் 2016இல் வெளியான ஒரு கருத்தாய்வில் 34.7 சதவீதம் பேர், வாசனைப் பொருட்களால் தங்களுக்கு உபாதை வருவதாகச் சொன்னார்கள்.

கருவாட்டுக்குழம்பு:
சொன்னார்கள்! டொக்டர் சோதித்துப் பார்த்தாரா? வெங்காயம் வெட்டினால் எனக்கும்தான் கண்ணீர்.

குடுவை:
நியாயம்தான், அது அவரவர் வாய்மொழி. அப்படியென்றால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கோ. 'வாசனை' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பல டசின் சரக்கு இருக்கலாம். எதைச் சோதிக்கச் சொல்வது?

கீழ்வீடு:
நான் தரைமாடி, லிப்டுக்குப் பக்கத்துக் கதவு. நீங்கள் மீனைத் திட்டுகிறீர்கள், நாற்றம் வருவது குப்பை அறையிலிருந்து. அங்கே தரையில் இருக்கும் தண்ணீர் போகும் ஓட்டையில் வளைவுக் குழாய் வற்றிக் கிடந்தது. அதில் தண்ணீர் நிற்காவிட்டால் கான் நாற்றம் நேரே மேலே ஏறும். இன்று காலை வோச்சரோடு போய் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். மத்தியானமே வித்தியாசம் தெரிந்தது. லிப்டு மேலே இருக்கும் பேனும் ஓடவில்லை, கரண்ட் பில்லுக்காக நிறுத்தினார்களாம்.

கருவாட்டுக்குழம்பு:
பேனையா நிறுத்தினார்கள்? பெட்டிக்கு மாதாமாதம் டப்பா வாங்கக் காசு இருக்கு!

ஆறாம்மாடி:
ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதையே சொல்வீங்களா தம்பி?

கருவாட்டுக்குழம்பு:
பேன் ஓடட்டும், சொல்கிறேன். ஓடாவிட்டால் பெட்டி இருக்கட்டும்.