நேட்டோவின் 5ஆவது பிரிவு: பால்டிக் நாடுகள் எதை நம்பி இருக்கின்றன?

கேள்வி:
2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவிலான போரைத் தொடுத்ததிலிருந்து, நேட்டோ ராணுவக் கூட்டணி ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு அடிக்கடி பேசப்படுகிறது. ஓர் உறுப்பு நாட்டின் மீதான ஆயுதத் தாக்குதல் அனைவர் மீதான தாக்குதலாகவே கருதப்படும் என்கிறது அது. ஆனால் வாசகத்தை முழுதாகப் படித்தால், ஒவ்வொரு நாடும் தான் அவசியமெனக் கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் இருக்கிறது; படை அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. அப்படியென்றால் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய சிறிய நாடுகளுக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய்தானா?

பதில் 1:
தாங்கள் படித்தது சரியே. போருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க, ஒப்பந்தம் கையெழுத்தான 1949இல் அமெரிக்க செனட் ஆயத்தமாக இல்லை; அதனால்தான் அந்த நெகிழ்வான வாசகம். இதுவரை இந்தப் பிரிவு ஒரே ஒரு முறைதான், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, கையில் எடுக்கப்பட்டது.

எனவே பாதுகாப்பு வாசகத்தில் இல்லை, களத்தில் நிற்கும் படையில்தான் இருக்கிறது. 2014இல் ரஷ்யா கிரைமியாவை இணைத்துக்கொண்டதை அடுத்து, 2016 வார்சா உச்சி மாநாட்டில் எஸ்தோனியாவுக்குப் பிரிட்டன், லாத்வியாவுக்குக் கனடா, லித்துவேனியாவுக்கு ஜெர்மனி, போலந்துக்கு அமெரிக்கா என்று தலைமை நாடுகளை வகுத்து, ஒவ்வோரிடத்திலும் ஏறத்தாழ ஆயிரம் வீரர்கள் கொண்ட பன்னாட்டுப் படைப்பிரிவை நிறுத்த முடிவு செய்தார்கள். ஆயிரம் பேரால் ஒரு பெரும்படையைத் தடுக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் தாக்குதலின் முதல் நாளிலேயே பிரிட்டன், கனடா வீரர்கள் உயிரிழந்தால், எது அவசியம் என்று லண்டனிலும் ஒட்டாவாவிலும் நிதானமாக விவாதித்துக்கொண்டிருக்க முடியாது.

பதில் 2:
மேலே சொன்னது 2022 வரைக்கும்தான் பொருந்தும் என்பேன். அந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தம், முதலில் நிலத்தை இழந்து பிறகு மீட்பது என்பதே. அந்தத் திட்டப்படி நடந்தால் தம் நாடு வரைபடத்திலிருந்தே துடைத்தெறியப்படும் என்று எஸ்தோனியாவின் அன்றைய பிரதமர் காயா கல்லாஸ் 2022 ஜூனில் வெளிப்படையாகச் சொன்னார். ரஷ்யப் படை பிடித்துவைத்திருந்த உக்ரைன் நகரமான புச்சாவில் பொதுமக்கள் கொல்லப்பட்டதைப் பார்த்த பிறகு, மீட்கப்படும்வரை காத்திருக்க யார்தான் ஒப்புவார்கள்?

அதே மாதம் நடந்த மாட்ரிட் மாநாட்டில், தேவைப்படும் இடங்களில் இந்தப் படைப்பிரிவுகளைப் பிரிகேடு (சில ஆயிரம் வீரர்கள் கொண்ட படை) அளவுக்கு விரிவாக்க ஒப்புக்கொண்டனர். சுமார் 5,000 பேர் கொண்ட ஜெர்மன் பிரிகேடு ஒன்று 2027க்குள் லித்துவேனியாவில் நிரந்தரமாக நிலைகொள்ள வேண்டும் என்பது திட்டம். 2023 ஏப்ரலில் பின்லாந்தும் 2024 மார்ச்சில் சுவீடனும் இணைந்ததால் பால்டிக் கடலின் கணக்கே மாறிவிட்டது. பின்லாந்துக்கு மட்டுமே ரஷ்யாவுடன் 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை உண்டு.

இருந்தாலும் ரஷ்யாவின் கூட்டாளியான பெலாரஸுக்கும் ரஷ்யாவின் தனித்த நிலப்பகுதியான கலினின்கிராடுக்கும் நடுவில் போலந்தையும் லித்துவேனியாவையும் இணைக்கும் சுவால்கி இடைவெளி சுமார் 65 கிலோமீட்டர்தான். தரைவழியாக உதவி வர அது ஒன்றே வழி. போதாக்குறைக்கு, பால்டிக் நாடுகளின் இருப்புப்பாதையில் பெரும்பகுதி இன்றும் 1,520 மில்லிமீட்டர் ரஷ்ய அகலத்தில் இருக்கிறது. மேற்கு ஐரோப்பாவில் அது 1,435. டாங்கிகளை ஏற்றி வரும் ரயில் எஸ்தோனியத் தலைநகர் டாலின்வரை நேராகப் போக முடியாது. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டிய ‘ரயில் பால்டிகா’ பாதை இன்னும் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. எத்தனை பிரிகேடு என்பதைவிட எத்தனை நாளில் வந்து சேரும் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

பதில் 3:
டாங்கிகள் எல்லை தாண்டினால் என்ன செய்வது என்பது ஓரளவு தெளிவாகிவிட்டது. தாக்குதலா இல்லையா என்றே சொல்ல முடியாதவைதான் தலைவலி. 2025 செப்டம்பரில் ரஷ்ய ட்ரோன்கள் போலந்து வான்வெளிக்குள் புகுந்தபோது நேட்டோ விமானங்கள் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தின. சில நாட்களில் மூன்று ரஷ்ய மிக்-31 போர் விமானங்கள் எஸ்தோனிய வான்வெளியில் சுமார் 12 நிமிடம் பறந்தன. இரு நாடுகளும் கேட்டது 4ஆவது பிரிவின்படி கலந்தாலோசனை மட்டுமே.

கடலில் இன்னும் சிக்கல். 2024 டிசம்பரில் பின்லாந்தையும் எஸ்தோனியாவையும் இணைக்கும் எஸ்ட்லிங்க் 2 மின்கம்பி அறுந்தது. நங்கூரத்தை இழுத்துச் சென்றதாகச் சந்தேகிக்கப்பட்ட ‘ஈகிள் எஸ்’ என்ற, ரஷ்ய எண்ணெய் ஏற்றிச் சென்ற கப்பலைப் பின்லாந்து மடக்கிப் பிடித்தது. அடுத்த மாதமே நேட்டோ ‘பால்டிக் சென்ட்ரி’ என்ற கடற்கண்காணிப்பைத் தொடங்கியது. ஆனால் சேதம் நடந்தது பின்லாந்தின் கடல் எல்லைக்கு வெளியே என்பதால் அந்தக் கப்பல் மாலுமிகள் மீதான வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று ஹெல்சிங்கி மாவட்ட நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. ஒரு கப்பல் மாலுமியையே தண்டிக்க வழியில்லாத இடத்தில், 32 நாடுகளும் ஒருமனதாக 5ஆவது பிரிவை எடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரோந்தும் கப்பல் சோதனையும்தான் அங்கே நடைமுறைப் பதிலாக இருக்கும்.