ஒயர் எரிக்கும் கடைகளை மூடுவதா, கூடச் சேர்த்துக்கொள்வதா?

வியாசர்பாடிவாசி:
எங்கள் தெருவுக்குப் பின்னால் ராத்திரியில் செம்புக்காக ஒயர் எரிக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் நெடி தொண்டையில் நிற்கிறது. பி.வி.சி. உறை கருகினால் டையாக்சின் என்ற நச்சு வரும். சர்க்யூட் போர்டைச் சூடுகாட்டிப் பற்றவைத்த பாகங்களைக் கழற்றினால் ஈயப் புகை. குழந்தைகளைப் பொறுத்தவரை ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருக்க, காயலான் கடைக்காரர்களையும் மறுசுழற்சியில் சேர்க்கச் சொல்லி இங்கே சிலர் எழுதுகிறீர்கள். பதிவில்லாத கடைகளை மூடுங்கள், மின்கழிவு முழுக்கப் பதிவு பெற்ற ஆலைக்குப் போகட்டும் என்பதுதான் என் கட்சி.

கொருக்குப்பேட்டை பட்டறை:
நான் அந்தத் தொழிலில் இருப்பவன். எரிப்பது தப்புதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் எது எரிகிறது என்று பார்த்திருக்கிறீர்களா சார்? தடிமனான கேபிளை விவரம் தெரிந்தவன் எரிக்க மாட்டான். பிளேடால் கீறி உரித்தால் செம்பு பளபளவென்று வரும், நல்ல விலைக்குப் போகும். எரித்தால் கறுத்துவிடும், விலை இறங்கும். எரிவதெல்லாம் மெல்லிசு: சார்ஜர் ஒயர், கீபோர்டு ஒயர், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரிப்பன் கேபிள். அதை உரிக்க உட்கார்ந்தால் கூலி கட்டாது. உறையோடு பொடியாக்கிச் செம்பைப் பிரிக்கிற மெஷின் பெரிய ஆலைகளில் உண்டு. ஆனால் எங்களைப் போன்றவர்களிடம் வாங்க மாட்டார்கள். டன் கணக்கில் வேண்டும், ஜிஎஸ்டி பில் வேண்டும், பணம் அப்புறம்தான். மீன்பாடி வண்டியில் சரக்கு கொண்டுவருபவருக்கு அன்றைக்குச் சாயங்காலமே காசு வேண்டுமே! மெல்லிசு ஒயரை அப்படியே எடைக்கு எடுத்து, கையில் காசு கொடுங்கள். எந்தப் பையனும் தீ மூட்ட மாட்டான்.

வியாசர்பாடிவாசி:
சரி அண்ணே, ஒயருக்கு ஒத்துக்கொள்கிறேன். காசாகாத பொருளை என்ன செய்வீர்கள்? பழைய டிவி டியூபின் கழுத்தை உடைத்துச் செம்புச் சுருளை எடுத்துக்கொள்கிறார்கள். ஈயம் கலந்த கண்ணாடி கால்வாய் ஓரத்தில் கிடக்கிறது, பிள்ளைகள் அதன்மேல் நடக்கிறார்கள். இப்போதைய முறையில் டிவி, கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்கள் தங்கள் மறுசுழற்சிக் கடமைக்குக் கணக்குக் காட்ட மறுசுழற்சியாளரிடம் வாங்கும் சான்றிதழே தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய 4 உலோகங்களுக்குத்தான். கண்ணாடிக்கு அதில் இடமே இல்லை. உங்களைச் சேர்த்துக்கொண்டால் நல்லது ஆலைக்குப் போகும், விஷம் எங்கள் தெருவிலேயே தங்கும்.

திருவொற்றியூர் டீச்சர்:
மூடிவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடிய கடை காணாமல் போகாது, வீட்டுக்குள் போகும். அடுப்படிக்குப் பக்கத்திலேயே போர்டு கழற்றுவார்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளே, தொழிற்பேட்டைகளில் பழைய சாதனங்களைக் கழற்றிப் பிரிக்கும் வேலைக்கு இடம் ஒதுக்குவதையும், தொழிலாளர்களுக்குப் பயிற்சி, உடல்நலப் பாதுகாப்பு தருவதையும் மாநில அரசின் பொறுப்பாக வைத்திருக்கின்றன. மனு எழுதி இதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். அதே விதிகளில் ஒரு குறையும் உண்டு: 2016 விதிகளில் பிரிப்பவர் என்று தனி வகை இருந்தது, இப்போது இல்லை. சின்னப் பட்டறைக்காரர் பதிவு செய்ய நினைத்தாலும் எந்தப் பெயரில் செய்வார்? புனேயில் குப்பை சேகரிப்பவர்களே உறுப்பினர்களாக இருக்கும் ஸ்வச் கூட்டுறவு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறது. இங்கேயும் சங்கமாகச் சேர்ந்தால் டன் கணக்கும் வரும், பில்லும் போடலாம்.

வியாசர்பாடிவாசி:
டீச்சர், புனேயில் நடப்பது வீட்டுக் குப்பை எடுக்கிற வேலை. ஆசிட்டில் போர்டைப் போட்டுத் தங்கம் எடுப்பதோடு அதை ஒப்பிட முடியாது.

கொருக்குப்பேட்டை பட்டறை:
ஆசிட் வேலை வேண்டவே வேண்டாம், அதைத் தடை செய்யுங்கள், நானே கூட நிற்கிறேன். வாங்குவது, ஸ்க்ரூ கழற்றிப் பிரிப்பது, இந்த இரண்டும் எங்களுக்குப் போதும். போர்டை உடைக்காமல் முழுசாகக் கொடுத்துவிடுகிறோம். டியூபுக்கும் அதே கணக்குதான் சார். உடையாத டியூபுக்கு இவ்வளவு என்று விலை வையுங்கள், ஒரு கழுத்தும் உடையாது.

வியாசர்பாடிவாசி:
அந்த விலையை டிவி விற்ற கம்பெனிகள் கொடுக்க வேண்டும், மாநகராட்சி வரிப்பணத்திலிருந்து போகக் கூடாது. அதோடு பிரிப்பு வேலை வீடுகள் இருக்கும் தெருவில் நடக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் சம்மதம் என்றால் நீங்கள் எழுதும் மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை ராத்திரி புகை வந்தால் புகார் கொடுத்துக்கொண்டேதான் இருப்பேன்.