பாடசாலைச் சாப்பாட்டில் எங்கள் ஊர் மரக்கறி: வன்னியில் நாங்கள் கண்டவை

ஆசிரியை, ஒட்டுசுட்டான் பக்கம்:

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு எங்கள் பாடசாலையில் காலைச் சாப்பாடு கொடுக்கிறோம். 2024 இல் தரம் 1 முதல் 5 வரை இலங்கை முழுவதற்கும் இது விரிக்கப்பட்டது. "பிள்ளைகள் கீரை தின்னமாட்டினம்" என்று எங்கே போனாலும் சொல்கிறார்கள். நான் பார்த்தது வேறு. பொன்னாங்காணியைப் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டு வறையாகக் கொடுத்த அன்று ஒரு தட்டிலும் மிச்சமில்லை. அதே கீரையை உப்பில்லாமல் குழைய அவித்த அன்று பாதி வேலியோரம் போனது. குறை கீரையில் இல்லை.

உண்மையான சிக்கல் காசு. சமைக்கும் அக்காவின் வீட்டுக்கு அடுத்த காணியில் பயிற்றங்காய் பறிக்க ஆளில்லாமல் முற்றிக் காய்கிறது. அவரோ சந்திக் கடையில் பருப்பும் சோயாமீற்றும் வாங்கி வருகிறார். ஏன் என்று கேட்டேன். "ரீச்சர், கடைக்காரர் கொப்பியில எழுதிப்போட்டுத் தருவார். தோட்டக்காரருக்குக் கையில காசு குடுக்கவேணும். எனக்குக் காசு எப்ப வரும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். சமைப்பவருக்கு அரசாங்கம் தரும் கொடுப்பனவு மாதக்கணக்கில் பிந்தும்போது கடன் தருபவரிடம்தான் வாங்க முடியும். கடன் தருபவரிடம் இருப்பது லொறியில் வந்த சாமான்.

பெற்றோரும் அதிபரும் கூடிப் பேசி, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இதற்கென்று ஒரு சிறு முற்பணம் ஒதுக்கினோம். வெள்ளிக்கிழமைகளில் தோட்டக்காரருக்குக் கணக்குத் தீர்ப்பது, கொடுப்பனவு வந்ததும் சங்கத்துக்குத் திருப்பிக் கட்டுவது. அவ்வளவுதான். அடுத்த கிழமையே கத்தரிக்காயும் வாழைப்பூவும் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டன. யாரும் யாருக்கும் போசாக்கு வகுப்பு எடுக்கவில்லை.

ஒரு சின்ன விஷயமும் சொல்லவேண்டும். விடியப்புறம் அடுப்பு மூட்டுபவருக்கு முருங்கையிலை ஆய நேரம் கிடையாது. அதனால் பலர் அதைத் தொடுவதே இல்லை. எங்கள் அக்கா முதல்நாள் பின்னேரம் கொப்புகளைப் பழஞ்சேலையில் இறுக்கிச் சுற்றி வைப்பார். விடிய அவிழ்த்து உதறினால் இலை தானாகக் கொட்டும். ஈர்க்கை மட்டும் பொறுக்கினால் போதும்.

சமைப்பவர், பாண்டியன்குளம்:

ரீச்சர் சொன்னது முழுக்க உண்மை. உலக உணவுத் திட்டத்தின் உதவியில் சமைக்கும் பெண்கள் சிலருக்கு முட்டைக் கோழி கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை, நானாக வளர்க்கிறேன். 2022 இல் தீவனம் விலையேறியபோது பலர் கோழியை விற்றார்கள். நான் குருணலும் கீரைத்தண்டும் போட்டுச் சமாளித்தேன். முட்டை குறைந்ததுதான், ஆனாலும் நிற்கவில்லை. சாப்பாட்டில் முட்டை கொடுக்கும் நாளில் பிள்ளைகளின் வரவு கூடுவதை இடாப்பிலேயே பார்க்கலாம்.

தகப்பன், கிளிநொச்சி:

சாப்பாடு சரி, சிற்றுண்டிச்சாலையை யார் பார்ப்பது? என்ன விற்கலாம், என்ன விற்கக்கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. ஆனால் பாடசாலைக்குக் கூடிய வாடகை தருகிறேன் என்றவருக்கே கேள்விமனு போகிறது. அந்தக் காசை அவர் எடுக்கவேண்டாமா? றோல்ஸிலும் பக்கெற்றிலும்தான் எடுப்பார். எங்கள் பிள்ளைகளின் பாடசாலையில் இந்த முறை பெற்றோர் கூட்டத்தில் வாடகையைக் குறைக்கச் சொல்லி நின்றோம். பதிலுக்கு அவித்த கச்சான், கௌபி, மோர், பழம் கட்டாயம் இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். சங்கத்துக்கு வருமானம் குறைந்தது என்று இன்னும் சிலர் முறுமுறுக்கிறார்கள். குறையட்டும். பிள்ளையின் வயிற்றில் எடுத்த காசில் மதில் கட்டி என்ன செய்ய?

கமக்காரர், முத்தையன்கட்டு:

எங்கள் பக்கத்தையும் கேளுங்கோ. மாரி மழையை நம்பி விதைக்கும் கச்சான், உளுந்து, பயறு எல்லாம் தை, மாசியில் ஒரேயடியாக வரும். அப்போது விலை விழுந்து கிடக்கும். ஆடி, ஆவணியில் கிணறு அடியில் நிற்கும், கீரைக்கு வழியில்லை. இடையில் குரங்கும் மயிலும் விட்டு வைத்ததுதான் மிச்சம். ஆகவே வருடம் முழுவதும் ஒரே பட்டியலைக் கேட்டால் எங்களால் தரமுடியாது, பிறகும் லொறிதான் வரும்.

பயறும் கௌபியும் நன்றாகக் காயவிட்டு, வேப்பிலை கலந்து கட்டினால் மாதக்கணக்கில் வண்டு பிடிக்காமல் இருக்கும். முற்றிய பூசணியைக் காம்போடு வெட்டிக் காற்றோட்டமாக வைத்தால் கோடையிலும் கறிக்கு ஆகும். ரீச்சர், உங்கள் சங்கம் எத்தனை கிலோ எடுக்கும் என்று ஐப்பசி விதைப்புக்கு முன்னம் சொன்னால் அதற்கு ஏற்ற துண்டு காணியை நான் ஒதுக்குவேன். பக்கத்துக் காணிக்காரர் இருவரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுத்தில் தந்தால் இன்னும் நல்லது.